ஏகாதசி மாத்திரை

பொன்மணி ஒரு வீட்டுக்குள் நுழைந்தால், நோயாளியின் நாடியைப் பிடிப்பதற்கு முன்னால் மூக்கை உறிஞ்சி வீட்டைப் பிடித்துவிடுவாள். பினாயில் வாசனை தூக்கலாக இருந்தால் நேற்று யாரோ வாந்தி எடுத்திருக்கிறார்கள். காலை பத்து மணிக்கு வடை வாசனை வந்தால், "எண்ணெய்ப் பலகாரமே தொடறதில்லைங்க" என்று சத்தியம் செய்த மனிதரை அன்றைக்கு நம்ப வேண்டியதில்லை. மோந்ததையும் பார்த்ததையும் ஒரு அறுபது பக்க நோட்டில் எழுதி வைப்பாள். அவள் கம்பெனி கொடுத்த போனில் ரத்த அழுத்தத்துக்குக் கட்டம் இருந்தது, சர்க்கரைக்குக் கட்டம் இருந்தது, வடை வாசனைக்குக் கட்டம் இல்லை. அதனால்தான் நோட்டு.

அடையாற்றங்கரைக் குடிசையில் பிறந்த பெண். அம்மா தேவானை ஒரு ஆஸ்பத்திரியில் ஆயா. மகளை நர்ஸாக்கியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்று ஆக்கியும் காட்டினாள். பிறகு ஆற்றங்கரையைக் காலி செய்து எல்லோரையும் பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளுக்கு அனுப்பிவிட்டார்கள். பொன்மணிக்கு எட்டாவது மாடி. அந்தக் கட்டடத்து லிஃப்ட்டுக்கு மாதத்தில் பாதி நாள் உடம்பு சரியிருக்காது. தி.நகரில் ஒரு நர்ஸிங் ஹோமில் பதினாலு வருஷம் வார்டு பார்த்தவள், பஸ்ஸிலேயே ஆயுசு கரைகிறது என்று வீடு வீடாகப் போகும் வேலைக்கு மாறினாள். ஒரு பழைய ஸ்கூட்டி, முதுகில் பை, நாற்பத்தைந்து வயது, ஊரைக் கூட்டும் சிரிப்பு.

வார்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர். அது பிறவியிலேயே வந்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள், எழுதியிருந்த மருந்தின் அளவுக்கும் படுத்திருந்த மனிதரின் முகத்துக்கும் ஒட்டவே இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. நமக்கென்ன தெரியும், பெரியவர்கள் எழுதியது என்று வாயை மூடிக்கொண்டு ஊசியைப் போட்டாள். அந்த மனிதர் பதினொரு நாள் தீவிர சிகிச்சையில் கிடந்தார். பிழைத்து வந்து, போகும்போது இவளுக்கே ஒரு பெட்டி பால்கோவா கொடுத்துவிட்டுப் போனார். அந்தப் பால்கோவா பொன்மணிக்குத் தொண்டையில் இறங்கவில்லை. அன்றைக்குத் திறந்த வாய்தான், இன்றுவரை மூடவில்லை.

இரண்டு மாதமாக அவள் செவ்வாயும் வெள்ளியும் போய்வரும் வீடு மயிலாப்பூரில், மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது. தனி வீடு, சின்னக் கொல்லை. ஸ்ரீனிவாசராகவனுக்கு எழுபத்தாறு வயது. ரயில்வேயில் கால அட்டவணை போடும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். இதயத்தில் ஒரு வால்வை எடுத்துவிட்டுச் செயற்கை வால்வு வைத்து ஆறு மாதம் ஆகிறது. வைத்த வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க, ரத்தத்தை இளக்கும் மாத்திரையைத் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு விழுங்க வேண்டும். மனிதர் ஆறு மணி என்றால் ஆறு மணிதான். ஐந்து ஐம்பத்தெட்டுக்கே தம்ளரோடு உட்கார்ந்திருப்பார்.

அவர் மனைவி கோமளா மாமிக்கும் பொன்மணிக்கும் ஒரு விஷயத்தில் மட்டும் ஓயாத போட்டி. யார் அதிகச் சுத்தம்? மாமிக்கு மடி. சமையலறை வாசற்படியைப் பொன்மணி இதுவரை தாண்டியதில்லை. தண்ணீர் கேட்டால் கூடத்துக்கே வரும், அதுவும் அவளுக்கென்று ஒதுக்கிய தம்ளரில். பொன்மணியோ உள்ளே வந்ததும் கைக்கு சோப்பு போட்டு, விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று தேய்த்துக் கழுவிவிட்டு, மாமா அருகில் வரப்போகும் மாமியையும் "கை கழுவிட்டு வாங்க மாமி" என்று திருப்பி அனுப்புவாள். மடிசார் கட்டிக்கொண்டு குளித்து வந்தவளைக் கை கழுவச் சொல்கிறாளே என்று மாமிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனாலும் கழுவிக்கொண்டுதான் வருவாள். ஒதுக்கி வைத்த தம்ளரைப் பொன்மணியும் கவனிக்காமல் இல்லை. கவனித்தாள், உறுத்தியது, குடித்துவிட்டு வேலையைப் பார்த்தாள்.

பிரச்சினை அந்த எண்ணில் வந்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்து, அது உறைய எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று ஒரு எண் சொல்வார்கள். மாமாவுக்கு அது இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் நிற்க வேண்டும். குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டி, அந்தக் கட்டி மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரும். கூடினால் உடம்பில் எங்காவது ரத்தம் கசியும், மூளையில் கசிந்தால் அவ்வளவுதான். அவருக்கு எண் ஒவ்வொரு முறையும் குறைவாகவே வந்தது. அடையாறில் இருக்கும் டாக்டர் சிதம்பரநாதன் ஒவ்வொரு முறையும் மாத்திரையைக் கூட்டினார். இரண்டு மில்லிகிராமில் தொடங்கியது மூன்றரை வரை வந்துவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு எண் மறுபடி வந்தது. ஒன்று புள்ளி ஏழு. டாக்டர் போனில், "இன்னியிலேர்ந்து நாலு குடுங்க சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியிடம் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமைதான் பொன்மணி ஏழு அறை உள்ள மாத்திரை டப்பாவை ஒரு வாரத்துக்கு நிரப்பும் நாள். டப்பாவைத் திறந்தாள். மாத்திரையை எடுத்தாள். போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்னடி யோசனை?" என்றாள் கோமளா மாமி.

"ஒண்ணும் இல்ல மாமி. மாமா, சட்டைக் கைய கொஞ்சம் தூக்குங்க."

மூன்று நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை ரத்த அழுத்தம் பார்த்தபோது பட்டை சுற்றிய இடத்தில் கத்தரிக்காய் நிறத்தில் ஒரு கன்றல் இருந்தது. இப்போது அது மஞ்சளாகி ஆறிக்கொண்டிருந்தது. போன வாரம் பல் தேய்க்கும்போது எச்சில் ரோஸ் நிறமாக வந்தது என்று மாமாவே சொன்னார். எண்ணைக் கேட்டால் ரத்தம் கெட்டி என்கிறது, உடம்பைக் கேட்டால் நீர்த்துப்போயிருக்கிறது என்கிறது. இரண்டில் ஒன்று பொய் சொல்ல வேண்டும். உடம்பு பொய் சொல்லிப் பொன்மணி பார்த்ததில்லை. ஆனால் எண்ணை நம்பாமல் மாத்திரையைக் கூட்டாமல் விட்டு, நாளைக்கு மனிதருக்கு ஒரு கை ஒரு கால் விழுந்துவிட்டால்? கூட்டிக் கொடுத்து மூளையில் கசிந்துவிட்டால்? சாயங்காலம் ஆறு மணிக்குள் தெரிந்தாக வேண்டும். ஆறு மணி என்றால் இந்த வீட்டில் ஆறு மணிதான்.

நோட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ரத்தம் எடுத்த தேதிகள் வரிசையாக இருந்தன: ஒரு செவ்வாய், பிறகு ஒரு புதன், பிறகு ஒரு வியாழன், இன்று வெள்ளி. இதென்ன கணக்கு? லேப்காரர்கள் ஒரு கிழமை வைத்துக்கொண்டால் அதே கிழமைக்குத்தானே வருவார்கள்? போன தடவை ரத்தம் எடுத்த அந்த வியாழனுக்கு இரண்டு நாள் முன்னால் தான் வந்த செவ்வாய்க்கிழமையைப் புரட்டினாள். "முகம் வாட்டம். பிரஷர் கொஞ்சம் கம்மி. வூட்ல காப்பி வாசனையே இல்ல" என்று எழுதியிருந்தது. மயிலாப்பூரில் ஒரு வீட்டில் காலையில் காப்பி வாசனை இல்லை என்றால் ஏதோ நடந்திருக்கிறது என்று அன்றே தோன்றித்தான் எழுதினாள். எழுதிவிட்டு மறந்தும் போனாள். தலையில் ஒரு குட்டு குட்டிக்கொண்டாள்.

லேப்பில் இருந்து ரத்தம் எடுக்க வரும் ஜைத் திருவல்லிக்கேணிக்காரன். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், வாய்ப் பேச்சில் பொன்மணிக்குச் சளைத்தவன் இல்லை. அவனுக்குப் போன் போட்டாள்.

"ஜைத்து, மயிலாப்பூர் மாமா வூட்டுக்கு நீ இன்னா கணக்குல போற? ஒருவாட்டி செவ்வா, ஒருவாட்டி புதன்னு கீது?"

"கணக்குலாம் ஒண்ணுமில்லக்கா. மாமி போன் போடுவாங்க, போவேன். ஏகாதசி அன்னிக்கு ஊசி குத்தக்கூடாது, மறுநா துவாதசி பூஜை கீது, அதுக்கு மறுநா வாப்பான்னுவாங்க. இப்போலாம் எனக்கே ஏகாதசி எப்போன்னு தெரியும்க்கா. எங்க வூட்ல கேட்டா சிரிக்கிறாங்க."

பொன்மணி சிரிக்கவில்லை. பேனா நின்றுவிட்டது.

"நானே உன்னாண்ட கேக்கணும்னு இருந்தேன்க்கா," என்றான் ஜைத். "நோன்பு மாசத்துல எங்க வாப்பா டாக்டராண்ட கேட்டு சுகர் மாத்திரைய நோன்பு தொறக்குற நேரத்துக்கு மாத்திக்கினாரு. மாமா ஏகாதசிக்கு பச்சத்தண்ணி தொட மாட்டாராமே? அப்போ மாத்திரைய எப்புடி முழுங்குறாரு?"

"நைனா, நீ நல்லா இருப்ப," என்று சொல்லிப் போனை வைத்தாள்.

கூடத்துக்கு வந்து மாமாவின் எதிரே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "மாமா, ஏகாதசி அன்னிக்கு ஆறு மணி மாத்திரை போடுவீங்களா?"

இரவு ரயில் பகலில் ஓடுமா என்று கேட்டது போல ஸ்ரீனிவாசராகவன் அவளைப் பார்த்தார். "ஏகாதசி அன்னிக்கு எப்படிம்மா போட்டுக்கறது? அன்னிக்கு ஜலமே கிடையாதே."

"நான் வந்து பாக்கும்போது டப்பா காலியா இருக்குதே?"

மாமா மனைவியைத் திரும்பிப் பார்த்தார். கோமளா மாமி மெதுவாக எழுந்துபோய், பெருமாள் படத்தடியில் இருந்த வெள்ளிக் குங்குமச் சிமிழைக் கொண்டுவந்து திறந்தாள். குங்குமம் இல்லை. பெரிதும் சிறிதுமாக மாத்திரைகள். பொன்மணி எண்ணினாள், பன்னிரண்டு. அவள் வந்த பிறகு நாலு ஏகாதசி, வேளைக்கு மூன்று.

"டப்பாவுல இருந்தா நீ கோவிச்சுப்பேன்னு எடுத்து இதுல போட்டுண்டு வந்தேன்," என்றாள் மாமி. "மருந்தைக் குப்பையில போடலாமோ?"

பொன்மணிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஏமாற்றியதையும் இவ்வளவு பயபக்தியோடு செய்தால் எப்படித்தான் திட்டுவது? "மாமி, நான் கோவிச்சா இன்னா ஆயிடும்? ரெண்டு வார்த்தை சத்தம் போடுவேன், போயிடுவேன். மாமாவுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?" என்றாள். மாமி தலையைக் குனிந்துகொண்டாள்.

"சரி, மறுநா துவாதசிக்கு இன்னா சாப்பிடுவீங்க?"

இந்தக் கேள்விக்கு மாமாவின் முகம் மலர்ந்தது. "பாரணையா? அகத்திக்கீரை கறமது, நெல்லிக்காய் பச்சடி, சுண்டைக்காய். ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடந்துட்டு அந்த அகத்தியை ஒரு வாய் போட்டுண்டா இருக்கே..."

"கீரையா! மாமா கீரை சாப்பிடறாரான்னு டாக்டர் கேட்டப்போ, நிறுத்தியாச்சுன்னீங்களே மாமி?"

"நிறுத்திட்டோமே! முளைக்கீரை, முருங்கைக்கீரை ஒண்ணும் இந்தாத்துக்குள்ள வரதில்லை. இது விரதம்டி. இதை யாராவது கீரை சாப்பிடறதுல சேர்ப்பாளா?"

மாமி பொய் சொல்லவில்லை. அதுதான் வேடிக்கை. அந்த வீட்டில் சாப்பாடு வேறு, பாரணை வேறு. ஏகாதசி மாத்திரைக்கும் அதே சட்டம்தான், பட்டினி நாளை மருந்து நாளாக மாமா எண்ணவே இல்லை. டாக்டர் கேட்டது சாப்பாட்டைப் பற்றி, இவர்கள் சொன்னதும் சாப்பாட்டைப் பற்றி.

"எவ்வளவு சாப்பிடுவாரு?"

"கொஞ்சம்தான்."

இருபது வருஷ அனுபவத்தில் பொன்மணி அடியோடு நம்பாத ஒரே அளவு இந்தக் "கொஞ்சம்"தான். எழுந்தாள். குழாயடிக்குப் போய்க் கால் அலம்பி, கைக்கு சோப்பு போட்டு முழங்கை வரை தேய்த்துக் கழுவினாள். சமையலறை வாசற்படியில் வந்து நின்று, ஈரக் கைகளை உயர்த்திக் காட்டினாள்.

"மாமி, நான் உள்ள வந்து பாக்கணும். பாக்காம டாக்டராண்ட பேச முடியாது."

மாமி அவள் கைகளைப் பார்த்தாள், வாசற்படியைப் பார்த்தாள், கூடத்தில் உட்கார்ந்திருந்த கணவரின் கையில் இருந்த மஞ்சள் கன்றலைப் பார்த்தாள். "வா," என்றாள்.

அந்தக் கறமதுப் பொரியல் கிளறும் உருளி அடுப்பு மேடையிலேயே இருந்தது. நாலு பேருக்குச் சமைக்கலாம். அதன் பாதி வரைக்கும் என்று மாமியே விரல் வைத்துக் காட்டினாள். பின்கதவைத் திறந்தால் கொல்லையில் அகத்தி மரம். மதில்பக்கம் தழைத்துக் குலுங்கியது. வீட்டுப்பக்கம், கை எட்டும் உயரம் வரைக்கும், மொட்டை. நேற்றுத்தான் பறித்திருக்கிறார்கள். அந்த மொட்டை மரத்தைப் பார்த்ததும் பொன்மணிக்குக் கணக்கு முழுசாக விளங்கிவிட்டது. மாத்திரை ரத்தத்தை ஒரு பக்கம் இழுக்கிறது, கீரையில் இருக்கும் சத்து எதிர்ப்பக்கம் இழுக்கிறது. ஒரு நாள் மாத்திரை இல்லை, மறுநாள் அரை உருளி கீரை, அதற்கு மறுநாள் ஜைத் வந்து ரத்தம் எடுக்கிறான். எண் குறையாமல் என்ன செய்யும்? டாக்டர் கூட்டுகிறார். கூட்டிய மாத்திரை மிச்சப் பன்னிரண்டு நாளும், கேட்க ஆளில்லாமல், ரத்தத்தை நீராக இளக்குகிறது. ஈறு கசிகிறது, கை கன்றுகிறது. அதற்குள் அடுத்த ஏகாதசி வந்துவிடுகிறது.

டாக்டருக்குப் போன் போட்டாள். உதவியாளர் எடுத்து, சார் பிஸி, ரெண்டு மணிக்கு மேல் பேசுங்கள் என்றார். வைத்துவிட்டு மறுபடி போட்டாள். நாலாவது தடவை டாக்டரே எடுத்தார். குரலில் எரிச்சல் இருந்தது.

"சிஸ்டர், டோஸ் சொல்லிட்டேனே?"

"சொன்னீங்க சார். நான் இன்னும் போடல." பொன்மணி மூச்சை இழுத்துக்கொண்டு, சென்னைப் பேச்சையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு, நாலே வரியில் சொன்னாள். மாதம் இரண்டு நாள் மாத்திரை எடுப்பதில்லை. மறுநாள் நிறைய அகத்திக்கீரை. ரத்தம் எடுத்தது எல்லாம் அதற்கு அடுத்த நாள். நடுவில் ஈறில் ரத்தம், செவ்வாய்க்கிழமை கையில் கன்றல். "எண் குறைவா வர நாள்லதான் நாம பாக்கறோம் சார்."

அந்தப் பக்கம் தாள் புரட்டும் சத்தம் கேட்டது.

"நான் கீரை கேட்டேனே?" என்றார் டாக்டர், எரிச்சல் போன குரலில்.

"கேட்டீங்க சார். அவங்களும் உண்மையைத்தான் சொன்னாங்க."

டாக்டர் சிரித்துவிட்டார். ஏற்ற வேண்டாம், இப்போது கொடுக்கும் மூன்றரையே போகட்டும், கீரை கூடாது, திங்கட்கிழமை மறுபடி ரத்தம் எடுங்கள், நடுவில் எங்காவது ரத்தம் வந்தாலோ, பேச்சு குழறினாலோ, தலை வலித்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு வரட்டும் என்றார். கடைசியில், "தேங்க்ஸ் சிஸ்டர்" என்று சொன்னார். பொன்மணி மூன்றரையை டப்பாவில் போட்டாள். அந்த மூன்று நாளும் காலையும் மாலையும் போன் பண்ணி மாமாவை "நாட்டுல இன்னா நியூஸ் மாமா?" என்று பேசவிட்டு, நாக்கு குழறுகிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். மாமா உள்நாடு வெளிநாடு எல்லாம் அலசினார். இந்த நர்ஸுக்கு இவ்வளவு அரசியல் ஆர்வமா என்று மாமியிடம் வியந்தாராம்.

திங்கட்கிழமை எண் நாலு புள்ளி மூன்று. ரத்தம் நீராகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை நாலு மில்லிகிராம் போட்டிருந்தால் என்ற வாக்கியத்தை அந்த வீட்டில் யாரும் முடிக்கவில்லை. டாக்டர் மாத்திரையைக் குறைத்தார்.

எல்லாம் சரி, இனி ஏகாதசிக்கு என்ன செய்வது? மாமா அசைந்து கொடுக்கவில்லை. "அம்பது வருஷமா விட்டதில்லை," என்றார்.

"விரதத்த விடச் சொல்லல மாமா. அன்னிக்குப் பெருமாள் தீர்த்தம் வாங்கிப்பீங்கல்ல? அதோட ஒரு மாத்திரை."

"தீர்த்தம் வேற, மாத்திரை வேற."

அதுவரை சும்மா இருந்த கோமளா மாமி திடீரென்று பொங்கினாள். "ஔஷதத்துக்கு தோஷம் கிடையாதுன்னு எங்கப்பா ஆயிரம் தடவை சொல்லியிருக்கார். நானும் சொன்னேன். ஆத்துக்காரி சொன்னா உங்க காதுல ஏறினாத்தானே! இனிமே மாத்திரையை எடுத்து ஒளிச்சு வைக்க என்னால முடியாது. நீங்க போட்டுக்கலைன்னா துவாதசிக்கு அடுப்பு மூட்ட மாட்டேன்."

பொன்மணியின் இருபது வருஷத்துப் படிப்பால் முடியாதது அந்த ஒரு வாக்கியத்தில் முடிந்தது. மாமா மோட்டுவளையைப் பார்த்தபடி, "சரி, தீர்த்தத்தோடன்னா பரவாயில்லை," என்றார். அகத்திக்கு டாக்டர் ஒரு ஸ்பூன் அனுமதித்தார். அதுவும் ஒவ்வொரு துவாதசிக்கும் அதே ஸ்பூன், அதே அளவு.

அடுத்த ஏகாதசி வியாழக்கிழமை வந்தது. சாயங்காலம் பொன்மணி அடையாறு சிக்னலில் நின்றுகொண்டிருந்தபோது போன் அடித்தது. மணி ஆறு ஒன்று.

"போட்டுண்டுட்டார்," என்றாள் கோமளா மாமி. வேறொன்றும் சொல்லாமல் வைத்துவிட்டாள்.

பச்சை விளக்கு விழுந்தும் பொன்மணி நகரவில்லை. பின்னால் ஒரு ஆட்டோக்காரர், "யக்கா, தூக்கமா?" என்று ஹாரன் அடித்த பிறகுதான் கிளம்பினாள். கண் ஏனோ கரித்தது.

மறுநாள் துவாதசி, வெள்ளிக்கிழமை. வாசலில் நுழையும்போதே அகத்தி வாசனை. கை கழுவிவிட்டுக் கூடத்தில் நின்றவளை, "அங்க என்ன நின்னுண்டிருக்கே? உள்ளே வா," என்று மாமி கூப்பிட்டாள். சமையலறையில் காப்பி ஆற்றிக் கொடுத்தாள். ஒதுக்கி வைத்த தம்ளரைக் காணோம், வீட்டு டபராவில்தான் காப்பி வந்தது. வெள்ளிச் சிமிழைத் திறந்து நீட்டினாள். அதில் குங்குமம் நிறைந்திருந்தது. பொன்மணி எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

"மாமாவுக்கு ஒரு ஸ்பூன் போட்டாச்சு, இனிமே குறைச்சுப் பண்ணணும்," என்று சொல்லி, மாமி ஒரு பெரிய எவர்சில்வர் டப்பாவை அவள் பையில் திணித்தாள். "கை பழக்கம், பழைய அளவே பண்ணிட்டேன். வீணாக்கப்படாது."

பெரும்பாக்கத்தில், எட்டாவது மாடியில், அவள் கணவன் செந்தில்குமார் டப்பாவைத் திறந்து ஒரு வாய் போட்டான். ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையில் நாள் முழுக்க இரும்போடு மல்லுக்கட்டுகிற ஆள், முகத்தைச் சுளித்தான். "இன்னாம்மே இது, இம்மாங் கசப்பு!"

"உனக்கு வேணாம்னா வுடு," என்று டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள் பொன்மணி. கசப்பாகத்தான் இருந்தது. ஒரு இலை விடாமல் முழுசையும் தின்றாள்.